மடிக்கிதாரின் விரற்பலகையும் அதன் அணிவேலையும்

கண்ணுக்கு இனியதும் செவிக்கு இனியதும் ஒரே பொருளில் அமைதல் அரிது. அங்ஙனம் அமைந்தவிடத்தும் ஒன்றற்கு மற்றொன்று பகையாகாமற் காத்தல் அதனினும் அரிது. நரம்புக்கருவிகளைச் செய்யும் தச்சர் இவ்வுண்மையை நாடோறும் தம் கைவேலையில் அறிந்துவருகின்றனர். அழகு கருதிச் செய்யும் ஒரு செதுக்கு நாதத்தைக் கெடுத்துவிடலாம். நாதம் கருதி விட்ட ஓரிடம் பார்ப்பவர்க்கு வெறுமையாய்த் தோன்றலாம். ஆயினும், ஒரு கருவியின் ஓர் உறுப்பில் மட்டும் தச்சனுக்கு எல்லையற்ற உரிமை வாய்த்திருக்கின்றது. அவ்வுறுப்பு மடிக்கிதாரின் விரற்பலகை. அவ்வுரிமை எங்ஙனம் வந்தது, அதனைக் கொண்டு கைத்தொழிலாளர் என்னென்ன செய்கின்றனர், அவ்வுரிமைக்கும் ஓர் எல்லையுண்டாயின் அஃது யாது என்பனவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

கருவியின் இயல்பு

சாதாரணக் கிதாரை நம்மிற் பலர் பார்த்திருப்போம். அதனை மார்போடு அணைத்துப் பிடித்து, இடக்கை விரல்களால் தந்திகளைக் கழுத்தின்மேல் அழுத்தி, வலக்கையால் மீட்டுவர். கழுத்திற் குறுக்கே பதித்த உலோக மெட்டுகள் தந்தியின் நீளத்தை வரையறுத்துச் சுரத்தை நிலைப்படுத்தும். மடிக்கிதார் இதனின் வேறுபட்டது. வாசிப்பவர் அமர்ந்து, தந்திகள் மேனோக்கி இருக்குமாறு கருவியை மடியிற் கிடத்துவர். இடக்கையில் வழுவழுப்பான எஃகுக் கோல் ஒன்று இருக்கும். அதனைத் தந்திகளின்மேல் மெல்ல வைத்து, முன்னும் பின்னும் வழுக்கி நகர்த்துவர். தந்திகள் பலகைக்கு ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் மேலே உயர்ந்து நிற்கும். ஆதலின் கோல் பலகையைத் தொடுவதேயில்லை. விரற்பலகை என்று பெயர் இருப்பினும் விரல் அதனைத் தீண்டுவதில்லை.

இம்முறை தமிழ்நாட்டார்க்குப் புதிதன்று. கோட்டுவாத்தியம் என்றும் சித்திரவீணை என்றும் வழங்கும் நம் கருவியும் மெட்டுகள் இல்லாதது. வழுவழுப்பான உருளைக் கட்டையை நகர்த்தி வாசிக்கப்பெறுவது. பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் (1894-1978) அதில் வல்லவராய்த் திகழ்ந்ததைச் சங்கீத ரசிகர் அறிவர். இரண்டு கருவிகளும் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தன என்று யாம் கூறவில்லை. மனிதன் குரல் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றற்கு இடையறாது செல்வதுபோலத் தந்தியும் செல்லவேண்டும் என்னும் ஆசை இரண்டிடத்தும் ஒரே உபாயத்தைக் கண்டுபிடிக்கச் செய்தது எனலாம். வேறுபாடு ஒன்று உண்டு. கோட்டுவாத்தியம் இராகத்தை ஒரே இழையாகப் பாடுவது. மடிக்கிதாரோ பல தந்திகளுக்கும் குறுக்கே கோலை நேராக வைத்து, ஒத்திசையும் பல சுரங்களை ஒருங்கே எழுப்புவது.

வந்த வழி

மடிக்கிதார் தோன்றிய இடம் பசிபிக் மாகடலிலுள்ள ஹவாய்த் தீவுகள். 1830-ஆம் ஆண்டையொட்டி மெக்சிகோவிலிருந்து மாடு மேய்ப்போர் அங்கு வந்தபோது கிதாரும் உடன் வந்தது. தீவினர் அதனைத் தம் செவிக்கு இசைந்தவாறு சுருதி தளர்த்தி வாசிக்கலாயினர். ஒவாகுத் தீவிலுள்ள லாயி என்னும் ஊரில் 1874-இற் பிறந்த ஜோசப் கெக்குக்கு என்பவரே எஃகுக் கோலால் வாசிக்கும் முறையை வகுத்தவர் என்பது பெருவழக்கு. பள்ளி மாணவராய் இருந்த காலத்தில் இருப்புப்பாதையருகே கிடந்த ஓர் இரும்பாணியை எடுத்துத் தந்தியில் உரசிப் பார்த்தார் என்பது கர்ணபரம்பரைக் கதை. இந்தியாவிற் பிறந்து ஹவாய் சேர்ந்த கேப்ரியல் டேவியன் என்னும் இளைஞரே முதலிற் செய்தவர் என்போரும் உளர். எவ்வாறாயினும், 1904-இல் ஹவாயை விட்டு அமெரிக்க நிலப்பகுதிக்குச் சென்று, 1932-இல் இறக்குமளவும் இக்கலையைப் பரப்பியவர் கெக்குக்குவே.

1915-ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நகரில் நடந்த பெரும் பொருட்காட்சியில் ஹவாய் இசை கேட்டோர் அதில் மயங்கினர். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஹெர்மன் வைசன்பார்ன் என்னும் ஜெர்மானியத் தச்சர் ஹவாயின் கோஆ மரத்தால், கழுத்தும் உட்குடைவாகிய மடிக்கிதார்களைச் செய்தார். 1927-இல் நேஷனல் கம்பெனியார், உலோகக் கூம்புகள் அதிர்ந்து ஓசையைப் பெருக்கும் கருவிகளை வெளியிட்டனர். 1931-இல் ஜார்ஜ் போஷாம்ப் என்பவர் மின்காந்தத்தால் தந்தியின் அதிர்வைப் பற்றும் மாதிரிக் கருவி ஒன்றை அமைப்பித்தார். மறுவருஷம் ரிக்கன்பாக்கர் தொழிற்சாலையில் அஃது அலுமினியத்தில் வார்க்கப்பெற்று விற்பனைக்கு வந்தது. வட்ட உடலும் நீண்ட கழுத்தும் உடைமையால் மக்கள் அதனை ‘வாணலி’ என்று அழைத்தனர். உலகில் விற்பனைக்கு வந்த மின்கிதார்களுள் முன்னோடி மடிக்கிதாரே என்பது பலர் அறியாத செய்தி.

நம் நாட்டிற்கும் இக்கருவி வந்தது. ஹவாயைச் சேர்ந்த டாவ் மோ குடும்பத்தார் 1940-களிற் கல்கத்தாவில் வாழ்ந்து வாசித்தனர். பின்னர் பிரிஜ் பூஷண் காப்ரா இதனை இந்துஸ்தானி இசைக்கு உரியதாக்கினார். விஸ்வமோகன் பட் இதில் மேலும் தந்திகளைக் கூட்டி ‘மோகன வீணை’ எனப் பெயரிட்டு, 1994-இல் கிராமி விருது பெற்றார்.

மின்முறை வந்தபின் ஒரு பெரிய மாறுதல் நேர்ந்தது. ஓசையைப் பெருக்குவது மின்சாரமாதலின், உட்குடைவான பேழை வேண்டியதில்லை. திண்ணிய பலகை ஒன்றே போதும். மரம் வளைத்தல், மெல்லிய பலகை இழைத்தல் முதலிய அருந்தொழில்கள் இல்லாமலே, இழைப்புளியும் உளியும் பிடிக்கத் தெரிந்த எவரும் தம் வீட்டில் ஒரு மடிக்கிதாரைச் செய்துகொள்ளலாம். இக்காரணத்தால் இன்றும் பல நாடுகளில் இது கைத்தொழிலாளர் விரும்பும் கருவியாய் விளங்குகின்றது. அவர்கள் தம் கற்பனையை மிகுதியும் செலவிடுமிடம் விரற்பலகையே.

விரற்பலகை என்பது ஒரு தேசப்படம்

சாதாரணக் கிதாரில் மெட்டு ஒரு நீதிபதி போன்றது. விரல் சிறிது முன்பின் இருந்தாலும் சுரத்தைத் தீர்மானிப்பது மெட்டே. மடிக்கிதாரில் மெட்டு இல்லை; அதன் இடத்தைக் காட்டும் கோடு மட்டும் உண்டு. அக்கோட்டிற்கு நேர்மேலே கோலின் நடு நிற்குமாயின் சுரம் சுத்தமாய் ஒலிக்கும். கோடு கட்டளையிடுவதன்று, வழி சொல்வது. தீர்ப்புச் சொல்வது செவி. எனவே விரற்பலகை ஊருக்கு வழி காட்டும் தேசப்படத்தை ஒத்தது. தேசப்படத்தின் ஓரங்களிற் கப்பல்களும் திமிங்கிலங்களும் வரையலாம்; ஊரின் இடத்தை மட்டும் மாற்றுதல் கூடாது.

விரலும் தந்தியும் உராயாமையால் மூன்று நன்மைகள் உண்டாகின்றன. முதலாவது, பலகை தேய்வதில்லை. ஆதலின் வன்மரமே வேண்டும் என்னும் நிர்ப்பந்தம் இல்லை. இரண்டாவது, பலகையைச் சிறிதும் வளைவின்றித் தட்டையாக அமைக்கலாம். மூன்றாவது, காகிதம், தகடு, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கு, துணி ஆகிய எதுவும் அதன் முகமாகலாம். மேலே தச்சனுக்கு எல்லையற்ற உரிமை என்றது இதுபற்றியே.

கோடிடும் கணக்கு

அழகு செய்யுமுன் அளவு செய்தல் வேண்டும். ஒரு ஸ்தாயியில் 12 அரைச்சுரங்கள் உள. சமபங்கீட்டு முறையில் ஒவ்வோர் அரைச்சுரத்திற்கும் தந்தியின் அதிரும் நீளம் ஒரே விகிதத்திற் குறைந்துகொண்டே வந்து, 12-ஆம் படியிற் சரிபாதியாகும். இதன் பயனாகக் கிடைக்கும் எண் 17.817. தந்தியின் முழு நீளத்தை இவ்வெண்ணால் வகுத்தால் முதற்கோட்டின் தூரம் வரும். எஞ்சிய நீளத்தை மீண்டும் அதே எண்ணால் வகுத்தால் அடுத்த கோட்டின் தூரம் வரும். நம் பௌதிக வகுப்பிற் சுரமானியைக் கையாண்ட மாணவர்க்கு இதன் நியாயம் எளிதில் விளங்கும்.

மடிக்கிதாரிற் பெருவழக்கான தந்தி நீளம் 22½ அங்குலம், அதாவது 571.5 மில்லிமீட்டர். தலைப்பக்கத்துத் தாங்கியிலிருந்து அளந்தால் 1-ஆம் கோடு 32.1 மில்லிமீட்டரிலும், 2-ஆவது 62.4-இலும், 3-ஆவது 90.9-இலும், 5-ஆவது 143.4-இலும், 7-ஆவது 190.1-இலும், 9-ஆவது 231.7-இலும், 12-ஆவது 285.75-இலும், 24-ஆவது 428.6-இலும் விழும். எல்லாத் தூரங்களையும் தாங்கியிலிருந்தே அளத்தல் வேண்டும். ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டை அளந்துகொண்டே சென்றால் சிறு சிறு பிழைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கடைசியிற் பெரும்பிழையாகும்.

பழங்காலத்துத் தச்சர் 17.817-க்குப் பதிலாக 18 என்னும் எண்ணைக் கொண்டனர். வானநூற் பேரறிஞர் கலிலியோவின் தந்தையாகிய வின்சென்ஸோ கலிலி 1581-இல் வெளியிட்ட இசைநூலில் இம்முறையை எடுத்துரைத்தார். இக்கணக்கின்படி 12-ஆம் கோடு சரிபாதிக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் முன்னரே நின்றுவிடும். ஆயினும், அழுத்தி வாசிக்கும் கருவிகளில் இது பெருந்தீங்கு செய்வதில்லை; விரலால் அழுத்தும்போது தந்தி சிறிது இழுபட்டுச் சுருதி உயர்வதால் குறை ஓரளவு ஈடாகிவிடும். மடிக்கிதாரிலோ தந்தியை அழுத்துவதில்லை; ஈடு செய்வதற்கு யாதும் இல்லை. ஆகவே இக்கருவிக்குச் சுத்தக்கணக்கே பொருந்தும். சாதாரணக் கிதாரின் குதிரையைச் சற்றுப் பின்னே தள்ளிவைக்கும் வழக்கமும் இங்கு வேண்டியதில்லை.

பிழை எவ்வளவு பொறுக்கத்தக்கது என்று வினவலாம். அரை மில்லிமீட்டர்ப் பிழை முதற்கோட்டில் ஓர் அரைச்சுரத்தின் 60-இல் ஒரு பங்கு அளவே சுருதியை மாற்றும். 12-ஆம் கோட்டில் 33-இல் ஒரு பங்கும், 24-ஆம் கோட்டில் 17-இல் ஒரு பங்கும் மாற்றும். மேலே செல்லச் செல்லக் கோடுகள் நெருங்குவதோடு பிழையின் வலிமையும் பெருகுகின்றது என்பதை இதனால் அறியலாம். மேற்பகுதியில் அணிவேலை குறைவாயும் கோடு தெளிவாயும் இருக்கவேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே.

அணிவேலையின் வகைகள்

முதல் வகை, கோடு பதித்தல். இதுவே எளிமையும் பழைமையும் உடையது. கரிய மரப்பலகையில் மூலைமட்டம் வைத்துக் கோடு கீறி, மெல்லிய வாளால் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் ஆழம் அறுப்பர். அப்பிளவில் மேப்பிள் போன்ற வெண்மரத்தின் சீவலைப் பசையிட்டுச் செருகி, உலர்ந்தபின் மேலே நிற்பதை உளியாற் சீவி, உப்புத்தாளால் தேய்த்துப் பலகையோடு மட்டமாக்குவர். கையால் தடவினால் கோடு இருப்பதே தெரியலாகாது. வெண்பலகையிற் கருங்கோடு பதித்தலும் உண்டு.

இரண்டாவது, கயிற்றணி. பலகையின் இரு ஓரங்களிலும் முறுக்கிய கயிறு ஓடுவதுபோலத் தோன்றும் கரை இது. வைசன்பார்னின் உயர்தரக் கருவிகளிற் காண்பவர் உள்ளத்தைக் கவர்வது இதுவே. பார்வைக்கு நூற்றுக்கணக்கான சிறு துண்டுகளைத் தனித்தனியே பதித்ததுபோல இருக்கும், உண்மையில் அவ்வாறன்று. கரிய மரச்சீவலும் வெளிய மரச்சீவலும் மாறிமாறி அடுக்கி ஒட்டி ஒரு கட்டையாக்குவர். அக்கட்டையைச் சாய்வாக மெல்லிய பட்டைகளாய் அறுப்பர். ஒவ்வொரு பட்டையிலும் கருமையும் வெண்மையும் சாய்ந்து சாய்ந்து வரும். அப்பட்டையைப் பலகையின் ஓரத்தில் வெட்டிய படியில் ஒட்டினால் கயிறு முடிந்தது. பத்து விரற்பலகைக்கு வேண்டிய கரை ஒரே கட்டையிலிருந்து கிடைத்துவிடும். உழைப்பை மிச்சப்படுத்தும் அறிவும் கலையின் ஒரு பகுதியே என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

மூன்றாவது, சிப்பி பதித்தல். முத்துச்சிப்பியின் உட்புறத்து வெண்ணொளிப் படலமும், அபலோன் என்னும் கடற்சிப்பியின் மயிற்கழுத்து நிறப் படலமும் இதற்கு உதவும். ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் தடிப்புள்ள துண்டின்மேல் உருவம் வரைந்த தாளை ஒட்டி, பொற்கொல்லர் கையாளும் மயிரிழை போன்ற வாளால் அவ்வுருவை அறுத்தெடுப்பர். பின்பு அதனைப் பலகையின்மேல் வைத்து, அதன் விளிம்பைக் கூரிய ஊசியாற் கீறிக்கொண்டு, உட்பகுதியைக் குடைவர். குடைவு சற்றே பெரிதாகிவிட்டால், பசையோடு அம்மரத்தின் தூளையே கலந்து நிரப்புவர், இடைவெளி மறைந்துவிடும். கடைசியில் முரட்டு உப்புத்தாளில் தொடங்கி நுண்ணிய தாள் வரை படிப்படியாகத் தேய்த்தால் சிப்பியின் ஒளி வெளிப்படும். சிப்பியின் தூள் நுரையீரலுக்குத் தீங்கானது. ஆகவே மூக்கையும் வாயையும் தக்க முகமூடியால் மூடிக்கொண்டும், கூடுமாயின் நீர் தெளித்து ஈரத்திலே தேய்த்தும் இவ்வேலையைச் செய்தல் வேண்டும்.

நான்காவது, போலிச்சிப்பித் தகடு. செல்லுலாயிடில் முத்தொளி தோன்றச் செய்த தகடு 1920-களிலிருந்தே இசைக்கருவிகளை அலங்கரித்து வந்தது. பெண்டர் கம்பெனியார் 1949-இல் வெளியிட்ட ‘சாம்பியன்’ என்னும் மடிக்கிதாருக்கு இத்தகட்டையே போர்த்தினர். கழிப்பறை இருக்கைகளுக்கும் அக்காலத்தில் இதே தகடு பயன்பட்டமையால், அமெரிக்கர் இதற்கு இட்ட நகைப்பெயர் சபையிற் சொல்லத்தக்கதன்று. ஆயினும், விலை மலிந்த கருவியும் விழாக்கோலம் பூணலாம் என்பதை மக்களுக்குக் காட்டியது இத்தகடே. செல்லுலாயிடு மிக விரைவிலே தீப்பற்றும் இயல்பினது. அதன் அருகில் விளக்கோ அடுப்போ கொண்டுவருதல் ஆகாது.

ஐந்தாவது, மறுபுற ஓவியம். ஒளி ஊடுருவும் அக்ரிலிக் தகட்டின் அடிப்புறத்தில் வண்ணம் தீட்டி, மேற்புறத்தின் வழியே பார்க்கச் செய்வது இது. இங்கே வேலையின் வரிசை தலைகீழாகும். காகிதத்தில் முதலிற் பின்னணி, பிறகு உருவம், கடைசியிற் கண்ணும் புருவமும் எழுதுவோம். மறுபுற ஓவியத்திலோ கண்ணும் புருவமும் முதலில், உருவம் அடுத்து, பின்னணி இறுதியில். இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறும். எழுத்துகள் எழுதினால் கண்ணாடியிற் காண்பதுபோல எழுதவேண்டும். தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியம் எழுதுவோர் கையாளும் முறையும் இதுவேயாதலின், நம்மவர் கைக்கு இது பழகிய பாதையாகும். ஓவியம் தகட்டின் அடியில் இருப்பதால் எத்தனை ஆண்டு துடைத்தாலும் அழிவதில்லை.

ஆறாவது, அச்சிட்ட தாள். இக்காலத்திற் கணிப்பொறியிற் கோடுகளையும் கோலங்களையும் வரைந்து, தாளில் அச்சிட்டு, பலகையில் ஒட்டி, மேலே தெளிந்த பூச்சு பூசுகின்றனர். செலவு மிகக் குறைவு, வண்ணங்களோ எண்ணிறந்தன. ஆனால் இதில் மறைந்திருக்கும் அபாயம் ஒன்று உண்டு. நீர்ப்பசை பட்டவுடன் தாள் விரியும். நூற்றில் ஒரு பங்கு நீண்டாலும் 12-ஆம் கோடு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் இடம் பெயரும். அஃது ஓர் அரைச்சுரத்தின் ஆறில் ஒரு பங்குப் பிழையாகும். அச்சுப்பொறியும் சிலபோது படத்தைச் சிறிது சுருக்கியே அச்சிடும். எனவே, அச்சிட்டவுடன் ஒருமுறையும், நீர் கலவாத பசையால் ஒட்டியபின் ஒருமுறையும் 12-ஆம் கோட்டை அளவுகோலால் அளந்து பார்த்தல் இன்றியமையாதது.

புள்ளி வைக்கும் இடம்

அணிவேலையின் நடுவே ஒரு நுண்ணிய வினா எழுகின்றது. சாதாரணக் கிதாரில் 3, 5, 7, 9, 12 ஆகிய மெட்டுகளை எளிதிற் காண்பதற்காகப் புள்ளிகள் பதிப்பர். அப்புள்ளி மெட்டின்மேல் இராமல் இரு மெட்டுகளுக்கும் நடுவில் இருக்கும். ஏனெனில் விரல் சென்று அழுத்துமிடம் அதுவே. பழக்கம் காரணமாக மடிக்கிதாரிலும் பலர் புள்ளியை நடுவிலேயே வைக்கின்றனர். ஆனால் இங்கே கோல் நிற்கவேண்டிய இடம் நடுவன்று, கோடு. புதிதாய்ப் பயில்வோன் கண் புள்ளியை நாடும். கை கண்ணைத் தொடரும். சுரம் கால்வாசிக்குத் தாழ்ந்து ஒலிக்கும். இதனை எண்ணிப் பார்த்த சில கைத்தொழிலாளர் புள்ளியைக் கோட்டின்மேலேயே அமைக்கின்றனர்; வேறு சிலர் புள்ளியை விடுத்து, அக்குறிப்பிட்ட கோடுகளை மட்டும் வேறு நிறத்தில் தீட்டுகின்றனர். 5-ஆம், 7-ஆம், 12-ஆம் கோடுகளைத் தனித்துக் காட்டுதல் பெரிதும் பயன்படும். தந்திகளைத் திறந்த நிலையிலேயே ஒத்திசைக்குமாறு கூட்டிய கருவியில், பாட்டின் முக்கிய ஒத்திசைகள் பெரும்பாலும் தலைத்தாங்கியிலும் இம்மூன்று கோடுகளிலுமே அமையும்.

மற்றொன்று இடமாறு தோற்றப்பிழை. தந்தி பலகைக்கு மேலே நிற்பதால், கண் நேர்மேலே இராவிடிற் கோல் வேறிடத்தில் நிற்பதுபோலத் தோன்றும். கண் அரை மீட்டர் உயரத்தில், 100 மில்லிமீட்டர் ஒருபுறம் விலகியிருந்தால், 10 மில்லிமீட்டர் இடைவெளிக்கு 2 மில்லிமீட்டர்த் தவறு நேரும். பலகையைத் தடிப்பாக்கி இடைவெளியை 5 மில்லிமீட்டராகக் குறைத்தால் தவறும் பாதியாகும். அணிவேலைக்கென்று ஒட்டும் தகடும் கண்ணாடியும் பலகையை உயர்த்துவதால், இவ்வகையில் அழகு சுரத்துக்குத் துணை செய்கின்றது. மிகுந்த பளபளப்பு மட்டும் ஆகாது. மேடை விளக்கின் ஒளி அதிற் பட்டுத் தெறித்துக் கோடுகளை விழுங்கிவிடும். மங்கலான மெருகே நல்லது.

மரத்தின் விலை

கடைசியாக ஒன்று கூறவேண்டும். நெடுங்காலமாக விரற்பலகை என்றாற் கருங்காலி, ஈட்டி என்னும் வன்மரங்களே நினைவுக்கு வரும். தந்தியும் விரலும் உராயும் கருவிகளுக்கு அவை தக்கனவே. ஆயின் அம்மரங்கள் மெல்ல வளர்வன. வெட்டிய வேகத்திற்கு ஈடாகக் காடு வளரவில்லை. பிரேசில் நாட்டு ஈட்டி மரத்தின் பன்னாட்டு வாணிகம் 1992-ஆம் ஆண்டு முதல் தடுக்கப்பட்டுள்ளது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி உட்பட அவ்வினத்து மரங்கள் அனைத்தும் 2017-இற் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. முடிந்த இசைக்கருவிகளுக்கு மட்டும் 2019-இற் சலுகை அளிக்கப்பட்டது. ஆப்பிரிக்காவின் காமரூன் நாட்டில், கருமையில் வெளிர்வரி கலந்த கருங்காலியை வாங்குவார் இன்மையால், வெட்டிய மரத்தையும் காட்டிலே விட்டுவிடும் வழக்கம் இருந்தது. 2011-இல் அங்குள்ள மரவாலை ஒன்றிற் பங்குகொண்ட டெய்லர் என்னும் அமெரிக்கக் கிதார்க் கம்பெனியார், வரி கலந்த மரத்தையும் தம் கருவிகளிற் பயன்படுத்தத் தொடங்கினர். முழுக்கருமையே அழகு என்று வாங்குவோர் கொண்ட எண்ணம் ஒன்றே எத்தனையோ மரங்களை வீணே மடியச் செய்தது என்பதை நினைக்குங்கால் நெஞ்சு வருந்துகின்றது.

மடிக்கிதாரோ இவ்வருத்தத்திலிருந்து நம்மை விடுவிக்கவல்லது. தேய்மானம் இல்லாத பலகைக்குக் கருங்காலி எதற்கு? உடைந்த மேசையின் தேக்குப்பலகை போதும். மாம்பலகைக்குக் கருநிறம் ஊட்டினாலும் போதும். நன்றாக உலர்ந்து, கோணாது நிற்றலே வேண்டுவது. பழம்பொருளிலிருந்து எடுத்த மரத்தின் வரிகளும் ஆணித்தழும்புகளுமே சிலபோது புதிய அணியாகிவிடுகின்றன. அருமையான மரத்தாற் கருவிக்கு வரும் பெருமையைவிட, எளிய மரத்தைக் கையால் அருமையாக்கும் பெருமையே தொழிலாளனுக்கு உரியது.

கைத்தொழிலில் விருப்பமுள்ள மாணவர் எவரேனும் இதனைச் செய்து பார்க்க எண்ணினால், முதலில் ஒரு தட்டைப்பலகையும் ஓர் அளவுகோலும் கூரிய எழுதுகோலும் எடுத்துக்கொண்டு 24 கோடுகளையும் கணக்கிட்டு வரைக. கணிதமும் பௌதிகமும் சங்கீதமும் தச்சும் ஓவியமும் ஒரு சாண் அகலம்கூட இல்லாத அப்பலகையிலே ஒருங்கு கூடுவதை அப்போது உணரலாம். கோடுகளைச் சரிபார்த்தபின் அவரவர் மனம்போல் மயிலோ மாங்காயோ அலையோ கொடியோ தீட்டுக, தடுப்பார் இல்லை. கோடு மட்டும் பொய் சொல்லாதிருத்தல் வேண்டும். அழகான பலகையில் தவறான கோட்டைப் பார்த்துப் பழகியவன் செவி, காலப்போக்கில் அத்தவற்றையே சுத்தமென்று கொள்ளும். அதனைத் திருத்துதல் புதிதாய்க் கற்பிப்பதினும் கடினம். உண்மையை முன் வைத்து அழகைப் பின் வைப்பானாயின், தச்சன் கண்ணுக்கும் செவிக்கும் ஒருங்கே விருந்தளித்தவனாவான்.